முகமாலையில் முகக்கவசம், பசறையில் உரப்பை: தோட்டத் தொழிலாளருக்கு ஏன் பாதுகாப்பு நியமம் இல்லை?

காலை ஆறரை மணிக்குப் பசறையில் குளிர் விலகியிருக்காது. நமுனுகுல மலைப் பக்கம் முகில் படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் என் பெரியம்மா மலைக்குப் போக உடுத்துவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். பழைய சேலை ஒன்று. அதன் மேல் பெரியப்பாவின் கிழிந்த முழுக்கைச் சட்டை. தேயிலைக் கிளை குத்தாமலும் பனியில் நனையாமலும் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு படங்கு. மழை நாளென்றால் உரப்பையின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். விரல் நுனியில் வெடிப்பு இருந்தால் ஒரு துணிக் கிழிசலைச் சுற்றுவார். காலில் அட்டைக்குச் சவர்க்காரம்.

இவற்றில் எதையும் வேலை கொடுப்பவர் கொடுக்கவில்லை. சேலையும் சட்டையும் வீட்டில் கழித்தவை. உரப்பை எங்கோ கேட்டு வாங்கியது.

“தோட்டத்துல இதெல்லாம் குடுக்க மாட்டாங்களா பெரியம்மா?” என்று கடைசியாகப் போனபோது கேட்டேன்.

“படங்கு ஒருக்கா குடுத்தாங்க புள்ள. அது எந்த வருசமுன்னு எனக்கே மறந்துபோச்சு” என்று சிரித்தார்.

பெரியப்பா பல ஆண்டுகள் மருந்தடித்தவர். 16 லீற்றர் டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்கியவர். அவரிடம் கையுறை பற்றிக் கேட்டேன். “கையொறை போட்டா புடி வழுக்குது. மொகமூடி போட்டா மேட்டுல மூச்சு வாங்குது. வெளியாளுங்க பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்துக் குடுப்பாங்க. அவுங்க போனதும் திருப்பி வாங்கி ஸ்டோருல வைப்பாங்க” என்றார். எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொன்னார். அவருக்கு அது வழக்கமான விடயம்.

எங்கள் குடும்பத்தில் பாதுகாப்பு உடுப்பை வேறு விதமாக அறிந்த ஒருவர் இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பிறகு அம்மாவின் சித்தப்பா குடும்பம் பதுளையை விட்டு வன்னிக்குப் போனது. மலையகத்திலிருந்து அப்படிப் போய்க் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. பிறகு நடந்த யுத்தமும் இடப்பெயர்வும் இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தின் பேத்தி, எனக்கு அக்கா முறை, இன்று முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறார்.

அக்கா வேலைக்கு உடுத்துவதையும் பார்த்திருக்கிறேன். கழுத்திலிருந்து தொடை வரை மறைக்கும் பாரமான கவச அங்கி. நெற்றியிலிருந்து கழுத்துக்குக் கீழ் வரை இறங்கும் கண்ணாடி போன்ற முகக்கவசம். அதில் கீறல் விழுந்து பார்வை மங்கினால் மாற்றித் தருகிறார்கள். வெயிலில் அதற்குள் வேகிறது என்று அவரும் முறையிடுவார். ஆனால் முகக்கவசத்தை உயர்த்திவிட்டு நிலத்தைத் தோண்டினால் மேற்பார்வையாளர் வேலையை நிறுத்திவிடுவார்.

பெரியம்மாவும் அக்காவும் ஒரே நாட்டில், ஒரே குடும்பத்தில், அன்றாடச் சம்பளத்தை நம்பி மண்ணில் வேலை செய்யும் பெண்கள். ஒருவரின் முகத்துக்கு முன்னால் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பில் கவசம் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. மற்றவரின் கைக்கு என்ன வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. மிதிவெடி ஆபத்தானது, தேயிலை ஆபத்தில்லாதது என்று சொல்லி இந்த வித்தியாசத்தைக் கடந்துவிட முடியாது. அது எப்படி உருவானது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு நியமம் என்ன செய்கிறது?

மிதிவெடி அகற்றுபவர்களுக்கும் தொடக்கத்தில் பொதுவான நியமம் இருக்கவில்லை. கம்போடியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தெரிந்த வழியில் வேலை செய்தது. 1996இல் டென்மார்க்கில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து, 1997இல் ஐக்கிய நாடுகள் சபை முதலாவது சர்வதேச நியமங்களை வெளியிட்டது. அவை திருத்தி எழுதப்பட்டு, 2001 முதல் மிதிவெடி நடவடிக்கைக்கான சர்வதேச நியமங்கள் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் 10.30 என்ற இலக்கமுடைய ஆவணம் பாதுகாப்பு உடுப்பு பற்றியது.

அந்த ஆவணத்தின் மொழி மிகவும் குறிப்பானது. கவச அங்கி 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வெடிக்கும் 240 கிராம் டி.என்.டி.யின் தாக்கத்திலிருந்து நெஞ்சையும் வயிற்றையும் அடிவயிற்றையும் காக்க வேண்டும். முகக்கவசம் குறைந்தது 5 மில்லிமீற்றர் பொலிகார்பனேற்றுக்குச் சமமாக இருக்க வேண்டும். 240 கிராம் என்ற எண்ணும் காரணத்தோடு வந்ததுதான். உலகில் அதிகம் புதைக்கப்பட்ட பெரிய ஆளெதிர் மிதிவெடிகளில் ஒன்றான பி.எம்.என். வகையில் இருக்கும் வெடிமருந்தின் அளவு அது. அதாவது முதலில் ஆபத்தை அளந்தார்கள், பிறகு உடுப்பை அளந்தார்கள்.

அதே ஆவணம் இன்னொன்றையும் சொல்கிறது: பாதுகாப்பு உடுப்பு என்பது கடைசித் தடுப்பு. திட்டமிடல், பயிற்சி, வேலை ஒழுங்கு ஆகியவற்றால் ஆபத்தைக் குறைத்த பிறகு எஞ்சியிருப்பதற்குத்தான் உடுப்பு. அதனால்தான் அக்கா வேலை செய்யும் நிலத்தில் சிவப்பு முனையிட்ட தடிகள் நடப்பட்டிருக்கின்றன. அருகில் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். காயப்பட்டவரை ஏற்றிச் செல்ல வாகனம் நிற்கிறது. எந்த வைத்தியசாலைக்கு எந்த வழியால் போவது என்று ஒத்திகை பார்க்கிறார்கள்.

ஆகவே நியமம் என்பதை ஒரு துணியின் தரம் என்று மட்டும் விளங்கிக்கொள்ளக் கூடாது. அது ஐந்து கேள்விகளுக்கான எழுத்து மூலப் பதில். எந்த ஆபத்துக்கு எதிராக? எந்த அளவில்? யாருடைய செலவில்? யார் சோதிப்பது? இல்லாவிட்டால் வேலை நிற்குமா? பெரியம்மாவின் தோட்டத்தில் இந்த ஐந்தாவது கேள்வி தலைகீழாக இருக்கிறது. உடுப்பு இல்லை என்று அவர் நின்றால் அன்றைக்குப் பேர் விழாது.

சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது

இலங்கையில் தொழிலிடப் பாதுகாப்புக்கான பிரதான சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். தேயிலைத் தொழிற்சாலை அதற்குள் வருகிறது. கொழுந்தை அரைக்கும் இயந்திரத்துக்குக் காப்பு இருக்க வேண்டும் என்று சட்டப்படி கேட்கலாம். ஆனால் அந்தக் கொழுந்து பறிக்கப்படும் மலை ‘தொழிற்சாலை’ இல்லை. தோட்டத் தொழிலாளரில் பெரும்பான்மையானோர், குறிப்பாகப் பெண்கள், தம் வேலைநாள் முழுவதையும் கழிப்பது அந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியேதான்.

மருந்து விடயத்தில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பீடைகொல்லிப் பதிவாளர் ஒவ்வொரு மருந்தையும் பதிவு செய்கிறார், சுட்டியில் என்ன எழுத வேண்டும் என்று பார்க்கிறார். கையுறை அணிக, முகத்தை மூடுக என்று சுட்டியில் இருக்கும். ஆனால் அது போத்தலை வாங்குபவருக்கான அறிவுரை. தோட்டத்தில் போத்தலை வாங்குபவர் ஒருவர், கலப்பவர் இன்னொருவர், சுமந்து அடிப்பவர் மூன்றாமவர். மூன்றாமவர் பல வேளை அந்தச் சுட்டியைப் பார்ப்பதே இல்லை. அவருக்குக் கிடைப்பது கலந்த தண்ணீர்.

2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் உருவானது. பொருட்களுக்கான நியமங்களை வகுக்க இலங்கை கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. எல்லாத் தொழிலிடங்களையும் தழுவும் புதிய பாதுகாப்புச் சட்டம் பற்றிய பேச்சும் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆகவே நிறுவனங்களுக்குக் குறைவில்லை. தேயிலை மலையை ஒரு தொழிலிடமாகக் கருதி, அங்கே யார் எதைத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒரு பக்கம்தான் இல்லை.

தொழிற்சங்கங்கள் என்ன செய்தன என்ற கேள்வியும் எழும். பல ஆண்டுகளாகத் தோட்டச் சம்பளம் கம்பனிகளுக்கும் சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியபோது கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024இல் 1350 ரூபா வந்தது. ஒவ்வொரு முறையும் செய்தியாளர்களான நாங்களும் எழுதியது அந்த ஒற்றை எண்ணைப் பற்றித்தான். படங்கையும் சட்டையையும் சப்பாத்தையும் தன் காசில் வாங்குபவருக்கு அவையெல்லாம் சம்பளத்தில் விழும் வெட்டு என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கு பழையது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மழைக்கும் குளிருக்கும் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். அதன் விலை பற்றுக் கணக்கில் ஏறிச் சம்பளத்தில் கழிந்தது. உடம்பைக் காப்பது தொழிலாளியின் சொந்தச் செலவு என்ற எண்ணம் அன்றே வேர்விட்டது. 2023இல் மலையகம் 200 நினைவுகூரப்பட்டபோது காணியையும் வீட்டையும் பற்றிப் பேசினோம், பேசவும் வேண்டும். கம்பளிக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம் 21ஆம் உறுப்புரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: தொழில்சார் பாதுகாப்பு ஏற்பாடுகள் தொழிலாளருக்கு எந்தச் செலவையும் ஏற்படுத்தக் கூடாது. 2022 ஜூனில் அந்தத் தாபனம் பாதுகாப்பான, ஆரோக்கியமான தொழிற்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் பொருள், ஒரு நாடு குறிப்பிட்ட சமவாயத்தை ஏற்புறுதி செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கோட்பாட்டை மதிக்கும் கடப்பாடு அதற்கு உண்டு.

மருந்தடிப்பவருக்கான நியமம் ஏற்கெனவே இருக்கிறது

பெரியப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இறப்பர் மேலங்கியை மாட்டிக்கொண்டு, 16 லீற்றர் பாரத்தோடு வெயிலில் சரிவு ஏற முடியாது. உடுப்பு மருந்தைத் தடுத்தாலும் வெப்பம் ஆளை விழுத்திவிடும். ‘தொழிலாளர்தான் போடுவதில்லை’ என்ற குற்றச்சாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, அந்த வேலைக்குப் பொருந்தாத உடுப்பு.

இதே சிக்கல் பிரேசில் போன்ற வெப்ப நாடுகளிலும் இருந்தது. மருந்தடிப்பவருக்கு எந்தத் துணி எவ்வளவு தடுக்கிறது, எவ்வளவு காற்றை விடுகிறது என்று ஆய்வுகூடங்களில் சோதித்தார்கள். அதன் பலனாக 2011இல் ஐ.எஸ்.ஓ. 27065 என்ற சர்வதேச நியமம் வந்து, 2017இல் திருத்தப்பட்டது. அது பீடைகொல்லி அடிப்பவரின் உடுப்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. குறைந்த ஆபத்துக்கான சி-1 படியில், சோதனைத் திரவத்தில் 40 சதவீதத்துக்கு மேல் துணியை ஊடுருவக் கூடாது. சி-2 படியில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதிக ஆபத்துள்ள வேலைக்கு சி-3. முதல் இரண்டு படிகளுக்கும் இறப்பர் தேவையில்லை. தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்திய பருத்தி, பொலியெஸ்டர் துணிகளிலேயே தைக்க முடியும். உடுப்புகளைத் தைத்து உலகுக்கே அனுப்பும் நாட்டுக்கு இது பெரிய வேலை இல்லை.

2019இல் கையுறைக்கும் ஐ.எஸ்.ஓ. 18889 என்ற தனி நியமம் வந்தது. அதில் என் கவனத்தை இழுத்தது ஜி.ஆர். என்ற வகை. அது மருந்தடிப்பவருக்கானது இல்லை. மருந்து அடித்து முடிந்த பின் அந்த நிலத்துக்குள் போய்ச் செடியைத் தொட்டு வேலை செய்பவருக்கானது. உள்ளங்கையும் விரல்களும் மட்டும் காக்கப்பட்டு, புறங்கை காற்றோட்டமாக விடப்பட்டிருக்கும்.

அதாவது உலக நியமம் எழுதியவர்கள் பெரியம்மாவைப் போன்ற ஒருவரை ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். களைக்கு மருந்தடித்த மலைக்குள் அடுத்த சுற்றில் கூடையோடு நுழைபவர் அவர். எங்கள் தோட்டத்தில் அவரை யாரும் மருந்தோடு சம்பந்தப்பட்ட தொழிலாளியாக எண்ணுவதே இல்லை. மருந்தடிப்பவருக்காவது வருடத்தில் ஒரு நாள் முகமூடி கிடைக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை. எந்த மலையில் எப்போது மருந்து அடித்தார்கள், எத்தனை மணி நேரத்துக்குப் பின் உள்ளே போகலாம் என்று எழுதிய ஒரு பலகைகூட மலை வாசலில் நான் பார்த்ததில்லை.

இங்கே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பீடைகொல்லி முகாமைத்துவ நடத்தைக் கோவை, வெப்பமான நாடுகளின் பண்ணைத் தொழிலாளரைக் குறிப்பிட்டே ஒரு விதியைச் சொல்கிறது. அணியச் சிரமமான, விலை கூடிய, இலகுவில் கிடைக்காத பாதுகாப்பு உடுப்பு தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே அந்த விதி. ஆகவே ‘உடுப்புப் போட முடியாத இடத்தில் என்ன செய்வது’ என்ற கேள்விக்கான பதில், உடுப்பில்லாமல் அடி என்பது இல்லை. அந்த மருந்தை அங்கே பயன்படுத்தாதே என்பதுதான்.

மருந்தையே விலக்குவது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு எங்கள் நாடே உலகுக்கு உதாரணம். 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008க்குப் பின் படிப்படியாகப் பரகுவாட் என்று கொடிய மருந்துகள் விலக்கப்பட்டன. 1990களில் உச்சத்தில் இருந்த தற்கொலை மரணங்கள் அதன் பிறகு பெருமளவு குறைந்தன. எந்த அறிவுரையும் செய்யாததைப் போத்தலை அகற்றியது செய்தது.

ஆனால் அதே நாட்டில் கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது, 2021இல் எல்லா இரசாயனங்களோடும் சேர்த்து நிறுத்தப்பட்டது, 2022இல் மீண்டும் வந்தது. சிறுநீரகம், ஏற்றுமதி, டொலர், சேதன விவசாயம் என்று நாடே விவாதித்த அந்த ஏழு வருடங்களில் டாங்கியைச் சுமப்பவரின் சட்டை எங்கள் செய்திகளில் அரிதாகவே வந்தது.

குளவிக்கு எந்த உடுப்பு?

மலையகச் செய்தி என்றாலே இன்று அடிக்கடி வருவது குளவிக் கொட்டு. பதுளை மாவட்டத்திலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் ‘கொழுந்து பறித்த பெண்கள் வைத்தியசாலையில்’ என்ற ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சிலர் திரும்பி வருவதில்லை.

இதற்கு உடுப்பால் பதில் சொல்ல முடியாது. தேனீ வளர்ப்பவரின் வலை உடுப்பைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் கொழுந்து பறிக்க முடியாது. அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்வதும் ஏமாற்று. இங்கேதான் முகமாலையிலிருந்து கற்க வேண்டியது இருக்கிறது. மிதிவெடி நிலத்தில் முதல் வேலை தோண்டுவது இல்லை, குறியிடுவது. தேயிலை மலையிலும் ஆட்களை இறக்குவதற்கு முன் நிழல் மரங்களையும் காட்டோரத்தையும் பாறை இடுக்கையும் ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். கூடு இருந்தால் கொடி கட்ட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் இரவில் அதை அகற்றும் வரை அந்த மலைக்கு ஆட்களை அனுப்பக் கூடாது. அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும், ஏனென்றால் வேலைக்கு வந்தவர் வந்திருக்கிறார்.

பிறகு மருந்து. குளவியோ மலைத்தேனீயோ கொட்டி ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படும்போது உயிரைக் காப்பது உடனடியாகத் தொடையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசி. அதை அறிந்த ஒருவர் தோட்ட மருந்தகத்தில் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, கீழே இறக்க வாகனம் இருக்கிறதா என்பதுதான் வாழ்வும் சாவும். பசறையைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்கே சில இடங்களில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏராளமாகக் கொட்டு வாங்கியவர் முதல் நாள் தேறியதுபோல் தெரிந்தாலும் பின்னர் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ‘ஒரு பெனடோல் போட்டுக்கிட்டு வேலைக்கு வா’ என்பது இதற்குச் சிகிச்சை இல்லை.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு பற்றிப் பேசுகிறது. அது நடந்து முடிந்த பிறகு வருவது. நடக்காமல் தடுக்கும் கடமையை எழுதுவதுதான் நியமத்தின் வேலை.

கோப்பைக்கு அளவு உண்டு, கைக்கு இல்லை

தேயிலைத் துறைக்கு நியமங்கள் பழக்கமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிளைபோசேட் தடைக்குப் பிறகு மாற்றாக எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லி பயன்படுத்தப்பட்டது. அதன் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பது 2018இல் ஜப்பான் சந்தையில் பிரச்சினையானது. தனி எல்லை வகுக்கப்படாத மருந்துகளுக்கு ஜப்பான் வைத்திருக்கும் பொது எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அந்தச் சிறு எண் கொழும்பில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தேயிலைக்குக் கிளைபோசேட் திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பானில் தேநீர் குடிப்பவரின் வாய்க்குப் போகும் மருந்து இவ்வளவு நுட்பமாக அளக்கப்படும்போது, அதே மருந்தை முதுகில் சுமப்பவரின் தோலில் எவ்வளவு படுகிறது என்பது அளக்கப்படுவதில்லை.

இலங்கையில் பல தோட்டங்கள் ரெயின்ஃபொரஸ்ட் எலயன்ஸ் சான்றிதழ் பெற்றவை. மருந்தைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடுப்பு இலவசமாகக் கொடுக்க வேண்டும், குளித்து உடுப்பு மாற்ற வசதி வேண்டும் என்று அந்தச் சான்றிதழ் கேட்கிறது. இது நல்லது. ஆனால் இது கொள்வனவாளரின் நியமம். சான்றிதழ் இல்லாத தோட்டத்தில் இது இல்லை. தனியார் சிறுதோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் இல்லை. ஆய்வாளர் வரும் நாளில் ஸ்டோர் திறப்பதும் போன பிறகு பூட்டுவதும் இதனால்தான். நியமத்தின் உரிமையாளர் வெளியே இருக்கிறார்.

முகமாலை நியமமும் வெளியிலிருந்து வந்ததுதான் என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. நிதி தரும் நாடுகள் கேட்டன, அதனால் வந்தது. ஆனால் அங்கே அது நாட்டுக்குள் வேர் கொண்டது. தேசிய மிதிவெடி நடவடிக்கை மையம் 2010 முதல் இருக்கிறது. அதன் அனுமதியும் சோதனையும் இல்லாமல் எந்த நிறுவனமும் நிலத்தில் இறங்க முடியாது. நிதி குறைந்தால் வேலை குறையும். ஆனால் இருக்கும் வேலையில் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

கம்பனிகள் சொல்லும் தடை ஒன்று: செலவு. தேயிலை விலை, உரம், மின்சாரம், சம்பளம் என்று அவர்களுக்கும் நெருக்கடி இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு இன்று இல்லாமல் இல்லை. பெரியம்மாவின் மடிக்கும் அரச வைத்தியசாலைக்கும் அது மாற்றப்பட்டிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை தன் இறப்பரில் செய்த கைத்தொழில் கையுறைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 இலக்க ஒழுங்குவிதிக்கு ஏற்ப சோதித்து, முத்திரையிட்டு அனுப்பப்படும் கையுறைகள் அவை. நியமத்தின்படி செய்யும் திறமையும் இயந்திரமும் ஆட்களும் இங்கே இருக்கின்றன. அந்தக் கையுறை கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும் தூரம், பசறைக்கு வரும் தூரத்தைவிடக் குறைவாகத் தெரிவதுதான் பிரச்சினை.

எதைக் கேட்க வேண்டும்?

இது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஐந்து விடயங்களைக் கேட்கலாம்.

முதலாவது, வரவிருக்கும் எந்தத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டமும் தேயிலை மலை, இறப்பர்த் தோட்டம், வயல் ஆகியவற்றைத் தொழிலிடம் என்று பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கம்பனிகள் இப்போது வருமானப் பங்கீடு, வெளியாள் உற்பத்தி என்ற முறைகளை நோக்கி நகர்கின்றன. தொழிலாளி ‘சிறு உற்பத்தியாளர்’ என்று அழைக்கப்படும் நாளில் அவருடைய கையுறையும் அவர் தலையிலேயே விழும். ஆகவே கடமை வேலை ஒப்பந்தத்தின் பெயரோடு அல்லாமல் நிலத்தோடு கட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, இலங்கை கட்டளைகள் நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 27065, 18889 ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, மலையகத்தின் சரிவுக்கும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பெண்களின் உடல் அளவுக்கும் பொருந்தும் நியமங்களை வகுக்க வேண்டும். அந்தக் குழுவில் மருந்தடிப்பவரும் கொழுந்து பறிப்பவரும் உட்கார வேண்டும். மாதிரி உடுப்பை ஒரு பருவம் முழுவதும் மலையில் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, உடுப்பு கொடுப்பது மட்டும் போதாது, தோய்ப்பதும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு. இன்று மருந்துச் சட்டை லயத்துப் பீலியில், பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கப்படுகிறது.

நான்காவது, மருந்தடித்த மலைக்கும் குளவிக் கூடுள்ள மலைக்கும் பலகையும் கொடியும் வைப்பது கட்டாயமாக வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று தொழிலாளி ஒதுங்கினால் பேர் வெட்டக் கூடாது. விவசாயத் தொழிலாளருக்கான 2001ஆம் ஆண்டு 184ஆம் இலக்கச் சர்வதேசச் சமவாயம் இந்த ஒதுங்கும் உரிமையைச் சொல்கிறது.

ஐந்தாவது, தொழிற்சங்கங்கள் அடுத்த முறை சம்பளம் பேசும்போது படங்கு, சப்பாத்து, மழையங்கி, கையுறை ஆகியவற்றின் வருடச் செலவை ஒரு தனி வரியாக எழுதி வைக்க வேண்டும். எழுதினால்தான் அது யாருடைய கணக்கு என்ற கேள்வி எழும்.

இதை ஏன் வடக்கு கிழக்கு வாசகர்களிடமும் சொல்கிறேன்? ஒட்டாவா உடன்படிக்கையின் கீழ் இலங்கை மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன். அதன் பிறகு அக்காவைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? “தோட்டம் செய்யிற காணிக்குள்ளதான் திரும்பவும் போகவேணும்” என்கிறார் அவர். கிளிநொச்சியின் மிளகாய்த் தோட்டத்திலும் வயலிலும் மருந்தடிக்கும் கைகளுக்கும் பசறையின் கைகளுக்கும் சட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பதினைந்து வருடம் அளந்து செய்த கவசத்துக்குள் வேலை செய்தவர், அன்றைக்கு வெறுங்கையோடு டாங்கியைத் தூக்குவார்.

பெரியம்மாவிடம் அக்காவின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். முகக்கவசத்தோடு நிற்கும் படம். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுக்கு சம்பளத்துல எவ்வளவு வெட்டுவாங்க?” என்று கேட்டார்.

வெட்டமாட்டார்கள் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.